கதை முடிந்தபின் வரும் கடுஞ்சவால்கள்: முதல்முறை இறங்குவோருக்கு

வீடியோ கேமின் கடைசி பாஸ், அதாவது பெரிய எதிரி, விழுந்தாயிற்று, பெயர்ப் பட்டியலும் ஓடி முடிந்துவிட்டது. பெரும்பாலோர் இந்த இடத்தில் அடுத்த கேமுக்குப் போய்விடுவார்கள். "இன்னும் ஏதாவது இருக்கிறதா?" என்று அங்கேயே நின்று தேடுபவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

டர்பனில் கோல்டன் சைனா என்ற வீடியோ கேம் பெட்டியோடு வளர்ந்த தலைமுறைக்கு இது பழகிய சங்கதி. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸை ஒருமுறை முடித்தால் இரண்டாம் சுற்று திறக்கும். மிதித்ததும் நசுங்கிப்போகும் கூம்பாக்கள் நடந்த இடத்தில் ஓடு போர்த்திய பஸ்ஸி பீட்டில்கள் வரும். நெருப்புப் பந்து அவற்றை ஒன்றும் செய்யாது. கதையோ இளவரசியோ எதுவும் புதிதாக இல்லை, கஷ்டம் மட்டும்தான் புதிது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பள்ளி விட்டு வந்து அதில் உட்கார்ந்த பிள்ளைகளை உட்கார வைத்ததும் அந்தக் கஷ்டம்தான்.

பரிசு என்று பார்த்தால் இந்தச் சவால்களில் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. ஹாலோ நைட் என்ற கேமில் பாத் ஆஃப் பெயின் என்று ஒளித்து வைத்த பாதை உண்டு. சுற்றிலும் ரம்பமும் முள்ளும். பல மணி நேரம் செத்துச் செத்துக் கடந்தால் கடைசியில் ஒரு சின்னக் காட்சியும் குறிப்பேட்டில் ஒரு பதிவும் வரும், அவ்வளவே. ஆனால் நேற்று அறுபது தடவை விழுந்த அதே அறையை இன்று விரல்கள் தாமாகத் தாண்டும்போது, உங்களுக்குள் ஏதோ கூடியிருப்பது கண்ணெதிரே தெரியும். கதை ஓடும்போது புது ஆயுதம், கூடுதல் உயிர் என்று கேமே உங்களைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது. இங்கே எல்லாம் கைக்கு வந்துவிட்டது, இனிமேல் வளர வேண்டியது ஆடுபவர்தான். அதனால்தான் இது இழுக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஆன்லைன் ஆட்டங்களுக்கு நம் பக்கத்தில் சர்வர் இல்லை. ஐரோப்பிய சர்வருக்குப் போய்வர 150 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. தோற்றால் கையால் தோற்றோமா, பிங்கால், அதாவது இணையத் தாமதத்தால், தோற்றோமா என்று தெரியாது. ஒற்றை ஆள் ஆடும் இந்தச் சவால்களில் எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. தவறு யாருடையது என்று ஒவ்வொரு முறையும் சரியாகத் தெரியும். கற்றுக்கொள்ள அது பெரிய வசதி.

எதில் தொடங்குவது

முதல் சவாலுக்குப் புதிதாகக் கேம் வாங்க வேண்டாம். ஏற்கனவே முடித்து, கன்ட்ரோல் கையில் ஊறிப்போன ஒன்றை எடுங்கள். அதில் எந்தச் சவால் என்பதற்கு மூன்று கேள்வி போதும். ஒரு முயற்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தோற்றால் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்? கஷ்டமான இடத்தை மட்டும் தனியாகப் பழக வழி இருக்கிறதா?

இந்த மூன்றிலும் புதியவருக்கு நல்ல விடை தருவது செலெஸ்டே. 2018இல் வந்தது. அதன் சி-சைட் என்ற கடின நிலைகள் ஒவ்வொன்றிலும் மூன்றே அறைகள். செத்தால் கண் இமைக்கும் நேரத்தில் அதே அறையின் வாசலில் நிற்பீர்கள். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முயற்சி செய்யலாம். அது பழகிய பிறகு தங்க ஸ்ட்ராபெரிக்குப் போங்கள். அதை எடுத்துக்கொண்டு முழு அத்தியாயத்தையும் ஒருமுறைகூடச் சாகாமல் முடிக்க வேண்டும். அறைகள் எல்லாம் பழையவைதான், ஆனால் நடுவில் செத்தால் அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும் என்பதால் கை நடுங்கும். அந்த நடுக்கத்தைச் சமாளிப்பது தனிப் பாடம்.

சூப்பர் மாரியோ ஒடிஸியில் 500 பவர் மூன் சேர்த்தால் டார்க்கர் சைட் திறக்கும். நீளமான பாதை, நடுவில் சேமிக்கும் கொடி ஒன்றுகூடக் கிடையாது. இது இரண்டாவது சவாலாக இருக்கட்டும். முதல் சவாலாக எடுத்தவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஏனென்றால் கடைசிப் பகுதியைப் பழக ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து நடக்க வேண்டியிருக்கிறது.

கருவியைச் சரிசெய்யுங்கள்

கஷ்டமான இடத்தில் நாலு நாள் மாட்டிக்கொண்டவர்களின் பிரச்சினை சில சமயம் டிவியில் இருக்கும். நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படம் திரையில் நிற்பது சுமார் 16.7 மில்லி நொடி. பட அழகூட்டல் எல்லாம் போட்ட டிவி, பட்டனை அழுத்தியது திரையில் தெரிவதை நான்கைந்து படம் தள்ளிப்போடக்கூடும். செலெஸ்டேயில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் குதிக்கக் கேம் தரும் சலுகை நேரமே 0.1 நொடிதான். டிவி அதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்ய முடியும்?

டிவியின் பட அமைப்புக்குள் போய் கேம் மோடைப் போடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். நின்டென்டோ ஸ்விட்ச் இருந்தால் சோதிப்பது சுலபம்: ஒரே அறையைக் கையில் வைத்து இருபது முறை, டிவியில் இருபது முறை ஆடிப் பாருங்கள். கையில் தெளிவாக நன்றாக வருகிறதென்றால் டிவிதான் தாமதிக்கிறது. புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கம்பி உள்ளதைப் போடுங்கள். பல பாஸ்கள் அடிக்கும் முன் ஒரு சத்தம் கொடுக்கும், அது தாமதமாக வந்தால் பயனில்லை.

டர்பன் கோடையில் இன்னொரு தொல்லை, கட்டைவிரல் வியர்வை. ஸ்டிக்கின் மேல் சொரசொரப்பான ரப்பர் குல்லா மாட்டினால் வழுக்காது. பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி) சாப்பிட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கழுவின கையால்தான் கன்ட்ரோலரைத் தொட வேண்டும். மசாலா எண்ணெய் பட்டன் இடுக்கில் இறங்கினால் பட்டன் ஒட்டிக்கொள்ளும்.

மின்சாரம்

2023 அளவுக்கு லோட் ஷெடிங் இப்போது இல்லாவிட்டாலும், கரண்ட் போகவே போகாது என்று நம்பி ஒரு மணி நேர முயற்சியில் இறங்கக் கூடாது. உங்கள் கேம் எந்த இடத்தில் சேமிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹேடிஸ் ஒவ்வோர் அறையின் வாசலிலும் சேமிக்கும். கரண்ட் போனால் அந்த ஓர் அறைதான் நஷ்டம். ஹாலோ நைட்டில் பாஸ்கள் வரிசையாக வரும் பாந்தியன் சவாலில் நடுவில் சேமிப்பே கிடையாது. நாற்பதாவது பாஸில் விளக்கு அணைந்தால் நாற்பதும் போச்சு. எனவே மின்வெட்டு நேரம் சொல்லும் எஸ்காம்சேபுஷ் செயலியைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஸ்விட்ச், ஸ்டீம் டெக் இரண்டிலும் உள்ளேயே பேட்டரி இருக்கிறது, கவலை குறைவு. பிளேஸ்டேஷன் 5 ஆட்டத்தின் நடுவே 200 வாட் வரை இழுக்கும், அதோடு டிவியும் சேரும். 600 விஏ யுபிஎஸ் அதைச் சில நிமிடம்தான் தாங்கும். சேமித்து முறையாக அணைக்க அது போதும், சவாலை முடிக்கப் போதாது. வாங்கும்போது யுபிஎஸ்ஸின் பின்புறத்தில் நம் ஊர் மூன்று உருண்டைப் பின் பிளக் போடும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கணினி வகைத் துளை மட்டும் இருந்தால் தனி வயர் வாங்க வேண்டிவரும்.

பழகும் முறை

இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உதாரணமாக ஹாலோ நைட்டின் பாந்தியன் ஆஃப் ஹாலோநெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். கேம் 2017இல் வந்தது, இந்தச் சவாலை 2018 ஆகஸ்டில் காட்மாஸ்டர் என்ற இலவசச் சேர்க்கையில் கொடுத்தார்கள். 42 பாஸ்கள், வரிசையாக, ஒரே மூச்சில். இடையிடையே உட்கார்ந்து தேற்றிக்கொள்ளச் சில பெஞ்சுகள் உண்டு. முந்தைய நான்கு பாந்தியன்களையும் முடித்தால்தான் இது திறக்கும். போகும் முன் நெயில் என்ற உங்கள் வாளைக் கடைசி நிலை வரை தீட்டியிருக்க வேண்டும். அடி ஒன்றுக்கு 5 என்று தொடங்கிய நெயில் அப்போது 21 அடிக்கும். உயிரைக் குறிக்கும் முகமூடி ஒன்பதும், சக்தி தரும் சார்ம்களை மாட்டும் துளை பதினொன்றும் சேர்ந்திருக்க வேண்டும். இவை இல்லாமல் இறங்குவது தேவையில்லாத கஷ்டம்.

முதலில் ஒரு கணக்கு. ஒவ்வொரு பாஸையும் நூற்றுக்கு 90 முறை வெல்லும் திறமை உங்களுக்கு இருக்கிறது என்று வைப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 42 பேரையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 1.2தான், எண்பது முயற்சிக்கு ஒன்று. அதையே 95 ஆக்கினால் நூற்றுக்கு 12 வரும். 98 ஆக்கினால் 43. அடிபட்ட உயிர் அடுத்த பாஸுக்கும் தொடர்வதால் உண்மை நிலவரம் இதைவிடக் கொஞ்சம் மோசம். இதில் தெரிய வேண்டியது என்னவென்றால், முழு வரிசையை மறுபடி மறுபடி ஓடுவது வீண். பத்தில் ஐந்து முறை உங்களைச் சாய்க்கும் ஒரே ஒரு பாஸைத் தனியே பழகிப் பத்தில் எட்டு வெற்றி ஆக்கினால் மொத்த வாய்ப்பும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும்.

தனியே பழகக் கேமே இடம் தருகிறது. பாந்தியன்கள் இருக்கும் காட்ஹோமில் ஹால் ஆஃப் காட்ஸ் என்ற மண்டபம் இருக்கிறது, நீங்கள் ஏற்கனவே வென்ற பாஸ்களின் சிலைகள் அங்கே நிற்கும். எந்தச் சிலையோடும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மோதலாம், தோற்றால் பணம் போகாது. அட்யூன்ட், அசென்டட், ரேடியன்ட் என்று மூன்று கடுமை. ரேடியன்ட்டில் ஓர் அடி பட்டாலே முடிந்தது.

ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: எந்த பாஸ், எந்த அடி, ஏன் செத்தேன். மூன்றாவது பத்தியில் மூன்றே சொற்களில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். தெரியாமை, கைப்பிழை, ஆசை.

தெரியாமை என்றால் வந்தது என்ன அடி என்றே உங்களுக்குத் தெரியவில்லை. மருந்து, பார்ப்பது. அடுத்த ஐந்து முயற்சியில் பாஸை ஒருமுறைகூடத் தொடாதீர்கள். தப்பிப்பது மட்டும்தான் வேலை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் உடம்பு எப்படி அசைகிறது, என்ன சத்தம் வருகிறது என்று பார்த்து, வாய்க்கு வரும் சின்னத் தமிழ்ப் பெயரை வையுங்கள். மேன்டிஸ் லார்ட்ஸை எடுத்தால் அடிகள் மூன்றுதான்: தரையோடு ஈட்டியை நீட்டிப் பாய்வது, தலைக்கு மேலிருந்து குத்திக்கொண்டு இறங்குவது, சுவரில் ஒட்டிக்கொண்டு வளைந்து திரும்பும் சக்கரத்தை வீசுவது. பாய்ச்சல், இடி, சக்கரம் என்று பெயர் வைத்தாயிற்று. இப்போது ஆடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். பாய்ச்சலுக்குக் குதி, இடிக்கு நகர், சக்கரத்துக்குக் கண்ணை எடுக்காதே, அது திரும்பி வரும். வீட்டில் ஒருமாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. வாய் சொல்லும்போது கண் முன்கூட்டியே தேடத் தொடங்கும். கடைசிப் பாந்தியனில் இவர்களே சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டிலாக வருகிறார்கள். முதலில் ஒருத்தி தனியாக வருவாள், அவள் விழுந்ததும் மூவரும் சேர்ந்து. அடிகள் அதே மூன்றுதான். பெயர் வைத்துப் பழகியவர்கள் அங்கே பதறுவதில்லை.

கைப்பிழை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், விரல் தாமதமாகப் போனது அல்லது வேறு பட்டனுக்குப் போனது. இதற்குத் தனிப் பயிற்சி. அந்த ஓர் அடி வரும்வரை காத்திருந்து அதற்கு மட்டும் விடை சொல்லிப் பழகுங்கள். தொடர்ந்து பத்து முறை சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். பட்டன் அமைப்பை மாற்றுவதும் மருந்துதான். குதிக்கவும் பாயவும் ஒரே கட்டைவிரல் ஓடுகிறதென்றால், பாய்வதைத் தோள் பட்டனுக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் குழப்பமாக இருக்கும், மூன்றாம் நாள் முன்பைவிட நன்றாக வரும்.

ஆசைதான் அதிகம் பேரைக் கொல்வது. ஓர் அடி கொடுத்து விலக வேண்டிய இடத்தில் இரண்டாவதும் கொடுக்கப் போய் மாட்டுவது. பாஸுக்கு உயிர் குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் கை தானாக முந்தும். இதற்கு முன்கூட்டியே போட்டுக்கொண்ட விதிதான் மருந்து: இடிக்குப் பிறகு ஒரே அடி, பாய்ச்சலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. விதியை நோட்டில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டுங்கள். உயிர் தேற்றும் இடத்தையும் அப்படியே முடிவு செய்யுங்கள். ஒரு முகமூடியைத் தேற்ற, எதிரியை அடித்துச் சேர்க்கும் ஆன்மா 33 செலவாகும், அதற்கு ஆடாமல் நிற்கவும் வேண்டும். எந்த அடிக்குப் பின்னால் நிற்க நேரம் கிடைக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் எழுதியபின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். தெரியாமை குறைந்து கைப்பிழை கூடியிருந்தால் முன்னேறுகிறீர்கள், செத்த எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் சரி. ஆசை மட்டுமே நிறைய இருந்தால் நீங்கள் களைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முழு வரிசையை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஓடினால் போதும். மற்ற நாள் மண்டபத்தில் பழகுங்கள். முழு ஓட்டம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை பிடிக்கும். வீட்டில் ஒரே டிவி என்றால் ஆயா சீரியல் பார்க்கும் நேரத்தை விட்டுவிட்டு உட்காருங்கள். "சீக்கிரம் முடி" என்ற குரல் பின்னால் கேட்டால் ஆசைப் பத்திதான் நிரம்பும்.

கடுமையை நீங்களே கூட்டுவது: ஹேடிஸ்

சவாலின் அளவைப் படிப்படியாக ஏற்ற விரும்புவோருக்கு 2020 செப்டம்பரில் முழுமையாக வெளிவந்த ஹேடிஸ் மிகப் பொருத்தம். பாதாளத்திலிருந்து ஒருமுறை தப்பித்துவிட்டால் பிறகு ஒப்பந்தத் தாள் ஒன்று வரும். அதில் நிபந்தனைகளை ஏற்ற ஏற்ற வெப்பம் கூடும். 8, 16, 32 என்ற வெப்பங்களில் ஸ்கெல்லி என்ற எலும்புக்கூடு சிலை தருவான்.

8க்குப் புதியவர் இப்படிச் சேர்க்கலாம்: கடை விலை ஏறும் கன்வீனியன்ஸ் ஃபீ இரண்டு படி, எதிரிக்கு உயிர் 15 சதவீதம் வீதம் கூடும் காலிஸ்தெனிக்ஸ் இரண்டு, எதிரி எண்ணிக்கை கூடும் ஜூரி சம்மன்ஸ் மூன்று, எதிரியின் அடி 20 சதவீதம் வலுக்கும் ஹார்ட் லேபர் ஒன்று. மொத்தம் எட்டு. இவை எதுவும் பாஸின் நடத்தையை மாற்றாதவை. பழகிய கண் அப்படியே உதவும். பாஸையே மாற்றும் எக்ஸ்ட்ரீம் மெஷர்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆறு ஆயுதத்துக்கும் வெப்ப ஏணி தனித்தனி என்பதால், ஒன்றில் சலிப்பு வந்தால் இன்னொன்றுக்கு மாறுங்கள்.

பழைய டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு

நம் நாடு பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்த டிவி மண்டலம். இங்கே விற்ற பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளும் அந்த வகையே. ஃபைனல் ஃபேன்டஸி 10இன் பால் டிஸ்க்கில் டார்க் ஏயான்கள், பெனன்ஸ் என்ற கடும் எதிரிகள் இருக்கின்றன, 2001இன் அமெரிக்க டிஸ்க்கில் இல்லை. அமெரிக்க டிஸ்க்கை வைத்து எழுதிய வழிகாட்டியைப் பின்பற்றியவர்கள் பெசாய்ட் கிராமத்துக்குத் திரும்பியபோது வாசலில் 800,000 உயிரோடு டார்க் வேலஃபார் நிற்கக் கண்டார்கள். பெசாய்டிலும் மகலானியாவிலும் கோவிலுக்குள் டெஸ்ட்ரக்ஷன் ஸ்பியரால் திறக்கும் பொருள்களைக் கதையில் முதல்முறை போகும்போதே எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால், துணைக்கு அழைக்கும் ஆனிமா வேண்டுமானால் இந்த வாசல் காவலர்களை வென்றாக வேண்டும். மறுபதிப்பிலும் இதே கதைதான்.

பெனன்ஸுக்கு உயிர் 12,000,000. ஓர் அடியின் உச்சம் 99,999. ஆக குறைந்தது 121 அடி. ஒவ்வொரு கையும் தனியாக 500,000, அதாவது ஆறு அடி. உங்கள் அணியில் உள்ள வக்காவின் அட்டாக் ரீல்ஸ் ஒரே வீச்சில் பன்னிரண்டு அடி வரை கொடுக்கும் என்பதால் பலரும் அவனை நம்பியே போகிறார்கள். இங்கே விரல் வேகம் தேவையில்லை, பல டஜன் மணி நேரம் ஆட்களை வளர்க்கும் பொறுமைதான் தேவை. அந்தப் பொறுமை பிடிக்காதவர்கள் இதில் இறங்க வேண்டாம், வேறு வகைச் சவால்கள் ஏராளம். அதே கேமில் இடி விழும் சமவெளியில் தொடர்ந்து 200 மின்னலுக்குத் தப்ப வேண்டிய சவாலும் உண்டு. எண்ணிக்கையைத் திரை காட்டாது. எதிரிகள் குறுக்கிடாதபடி செய்யும் கவசத்தை மாட்டிக்கொண்டு, பத்துக்கு ஒரு கோடு வீதம் இன்னொருவரைத் தாளில் போடச் சொல்லுங்கள். தானே எண்ணிக்கொண்டு ஆடுபவர்கள் நூற்று எழுபதுகளில் கணக்கை நினைத்து மின்னலை விடுகிறார்கள்.

நிறுத்துவதும் திரும்புவதும்

ஒரே இடத்தில் தொடர்ந்து மூன்று முறை ஆசையால் செத்தால் அன்றைக்குப் போதும். கைப்பழக்கம் தூக்கத்தில் படியும். இரவு வராத குதி காலையில் முதல் முயற்சியிலேயே வருவதை நீங்களே காண்பீர்கள். மணிக்கட்டு வலித்தால் இரண்டு நாள் முழு ஓய்வு, ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுவது கட்டாயம்.

உதவி வசதிகளைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். செலெஸ்டேயின் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். 70 சதவீதத்தில் ஓர் அறையைப் பழகி, 80, 90 என்று ஏற்றி, பிறகு முழு வேகத்தில் ஆடுவது ஒழுங்கான பயிற்சி. ஹேடிஸின் காட் மோட் 20 சதவீதப் பாதுகாப்பில் தொடங்கிச் சாகும்போதெல்லாம் இரண்டு சதவீதம் கூட்டிக்கொண்டே போகும். அதை வைத்துப் பாதையைக் கற்றுக்கொண்டு, பின்னர் அணைத்துவிட்டு ஏறலாம்.

ஒருமுறை வென்றதும் அன்றே மறுபடி போகாதீர்கள், கை சோர்ந்திருக்கும். மூன்று நாள் கழித்து அதே சவாலை இன்னொரு முறை ஆடுங்கள். இரண்டாம் வெற்றி பெரும்பாலும் சில முயற்சிகளிலேயே வந்துவிடும். பிறகு நோட்டின் அடுத்த பக்கத்தில் ரேடியன்ட் என்று தலைப்புப் போட்டு, முதல் சிலையிலிருந்து தொடங்குங்கள்.